கூரையில் ஏற மாட்டோம்!

தோழர்களே,

இன்றிரவும் பனி கொட்டுகிறது. விடிவதற்குள் பிரம்டனிலும் மிசிசாகாவிலும் ஒவ்வொரு யார்டிலும் நம் ட்ரெயிலர்களின் தலையில் அது ஏறி உட்கார்ந்துவிடும். "வண்டியை எடு, நேரமாச்சு!" என்று டிஸ்பாச்சர் சத்தம் போடுவார். அப்போது என்ன செய்யப்போகிறோம்? இப்போதே முடிவெடுப்போம். இப்போதே!

அந்தக் கூரையை நாம் அறிவோம். 53 அடி நீளம். தரையிலிருந்து பதின்மூன்றரை அடி உயரம். பிடிக்கக் கம்பி இல்லை. கயிற்றை மாட்டக் கொக்கி இல்லை. காலுக்குக் கீழே ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் அலுமினியத் தகடு. சில ட்ரெயிலர்களில் அதுவும் இல்லை, வெளிச்சம் புகும் ஃபைபர் கூரைதான். பனி மூடிய பிறகு விளிம்பு எங்கே, சட்டம் எங்கே, யாருக்குத் தெரியும்? ஏணியைச் சாத்தி, கையில் ஷவலைக் கொடுத்து, அதன் மேல் ஏறச் சொல்கிறார்கள். ஏறாதீர்கள், தோழர்களே. ஏறாதீர்கள்!

அப்படியே ஓட்டிப் போய்விடுவதா? கூடாது! கூரை முழுக்க ஒரே ஒரு சென்டிமீட்டர் ஐஸ் படிந்தாலே ஏறத்தாழ 380 கிலோ. 401 நெடுஞ்சாலையில் 100 கிலோமீட்டர் வேகத்தில் தகடு அதிரும். வெயில் படும். அடிப்பக்கம் இளகும். இடுக்கில் காற்று புகும். பாளம் பாளமாகக் கிளம்பிப் பின்னால் வரும் காரின் கண்ணாடியில் விழும். அந்தக் காரில் இருப்பவரும் நம்மைப் போல வேலைக்கு ஓடுகிறவர்தான்.

2005 நத்தார் தினத்தன்று பென்சில்வேனியாவில் ஒரு பெண் இப்படித்தான் செத்தார். ட்ரக்கிலிருந்து பறந்த ஐஸ் அவரைக் கொன்றது. பனி ஓய்ந்து 24 மணி நேரத்துக்குள் வண்டியைச் சுத்தம் செய்யவேண்டும் என்ற சட்டம் அங்கே வர 2022 ஆகிவிட்டது. பதினேழு குளிர்காலம்! நியூ ஜெர்சியில் ஐஸ் விழுந்து யாருக்காவது காயம் பட்டால் சரக்கு வண்டிக்கு 1,500 டொலர் வரை அபராதம். பொலிஸ் மறிக்கும்போது ஸ்டியரிங்கில் இருப்பது முதலாளி அல்ல. நாம்.

ஏறினால் நாம் விழுவோம். ஏறாமல் ஓட்டினால் இன்னொருவர் சாவார். இந்த இரண்டுக்கும் நடுவில் நம்மைத் தள்ளிவிட்டு அவர்கள் சூடான அறையில் இருக்கிறார்கள்.

வழி இல்லையா? இருக்கிறது! ஜெர்மனியில் ஆட்டோபான் ஓய்விடங்களில் கைப்பிடி வைத்த மேடைகள் நிற்கின்றன. வண்டியைப் பக்கத்தில் நிறுத்தி, மேடையில் நின்றபடியே ஓட்டுநர் பனியைத் தள்ளுகிறார். கூரையில் கால் வைப்பதே இல்லை. அங்கே சில தார்ப்பாய் ட்ரெயிலர்களில் கூரைக்கு அடியில் காற்றுக்குழாய் உண்டு. வண்டி நிற்கும்போது அதை ஊதிவிட்டால் கூரை சரிவாகும், தண்ணீர் தேங்காது, ஐஸ் உறையாது. இங்கேயும் பெரிய யார்டுகள் சிலவற்றில் வளைவு போட்டு அலகு மாட்டியிருக்கிறார்கள். அலகின் உயரத்தைச் சரிசெய்துவிட்டு வண்டி மெல்ல அடியில் நகர்ந்தால் போதும், பனி வழிக்கப்பட்டு விழுந்துவிடும்.

நம் யார்டில் ஏன் இல்லை? நம் நேரத்துக்கு அவர்கள் காசு கொடுப்பதில்லை, அதனால்தான்! மைலுக்கு இத்தனை சதம் என்கிறார்கள். பனி தள்ளும் ஒரு மணி நேரத்தில் ஒரு மைலும் ஓடாது, ஒரு சதமும் வராது. "நீ எங்கள் தொழிலாளி இல்லை, நீயே ஒரு கம்பனி" என்று பதிவு செய்யவைத்து, விழுந்தால் காப்பீடும் இல்லாமல் செய்கிறார்கள். நம்பாதீர்கள். காகிதத்தில் என்ன எழுதியிருந்தாலும், வேலை எப்படி நடக்கிறது என்பதைப் பார்த்துத்தான் சட்டம் முடிவு செய்யும்.

அந்தச் சட்டத்தைக் கையில் எடுப்போம். மாகாணம் தாண்டி, எல்லை தாண்டி ஓடும் தொழிலாளருக்குக் கனடா தொழிலாளர் சட்டக்கோவையின் 128ஆம் பிரிவு. ஒன்ராறியோவுக்குள் மட்டும் ஓடுவோருக்கு மாகாணச் சட்டத்தின் 43ஆம் பிரிவு. இரண்டும் ஆபத்தான வேலையை மறுக்கும் உரிமையைத் தருகின்றன. மறுத்த கையோடு முதலாளியிடம் அறிவியுங்கள். எழுத்தில் அறிவியுங்கள். உரிமைப்படி மறுத்தவரை வேலையிலிருந்து தூக்குவதும் சட்டவிரோதம்.

தனியாக மறுத்தால் அடுத்த லோட் வராது என்ற பயம் எனக்கும் தெரியும். அதனால்தான் சேரச் சொல்கிறேன்! 2021இல் பிரம்டனில் உருவான நௌஜவான் சப்போர்ட் நெட்வொர்க்கைப் பாருங்கள். பஞ்சாபி இளைஞர்கள், பலர் மாணவர்கள். முதலாளிகளின் வீட்டு வாசலில் பதாகை பிடித்து நின்றே அமுக்கப்பட்ட சம்பளத்தை வாங்கினார்கள். அவர்களுக்கு முடிந்தது நமக்கு முடியாதா?

இன்றிரவே பக்கத்து ட்ரக்காரருக்கு அழைப்பெடுங்கள். தமிழருக்கும் எடுங்கள், பஞ்சாபித் தோழருக்கும் எடுங்கள், நேற்றுச் சேர்ந்த புதியவருக்கும் எடுங்கள். முதலில் ஏணியில் ஏற்றப்படுவது அந்தப் புதியவர்தான். காலையில் எல்லோரும் ஒன்றாக அலுவலகத்துக்குள் போவோம். கைப்பிடி வைத்த மேடை வேண்டும், இல்லையேல் அலகு மாட்டிய வளைவு வேண்டும். பனி தள்ளும் நேரத்துக்குச் சம்பளம் வேண்டும். அதுவரை பனி சுமந்த ஒரு ட்ரெயிலரும் யார்டு வாசலைத் தாண்டாது!