கடதாசிப் பூ பூக்கும் மலையூர்



இம்முறை ஸ்பெயின் நாட்டின் சிறிய மலையூர் ஒன்றைப் பற்றி எழுதுகிறேன். பெயர் மொறெல்லா. நான் அங்கு போனதில்லை. படித்து அறிந்ததும் படங்களில் பார்த்ததும்தான். ஆனாலும் அந்த ஊர் மனதைவிட்டுப் போகவில்லை.

ஸ்பெயினின் கிழக்குப் பகுதியில், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1000 மீற்றர் உயரத்தில் அது அமைந்துள்ளது. குன்றின் உச்சியில் பழைய கோட்டை. ஊரைச் சுற்றி 14ஆம் நூற்றாண்டின் கல்மதில். அங்கு வாழ்பவர்கள் 3000 பேருக்கும் குறைவு. வண்ணக் கோடுகள் இட்டு நெய்யும் கம்பளிப் போர்வைக்கும், பாற்கட்டியும் பாதாமும் வைத்துச் சுடும் 'ஃபிளாவோன்' என்ற பணியாரத்துக்கும் பேர்போன ஊர்.

கோட்டை உள்ள ஊரைப் போர் சும்மா விடுமா? 19ஆம் நூற்றாண்டில் ஆட்சியுரிமைக்காக நடந்த போரில், 1838இல் கிளர்ச்சிப் படை ஊரைப் பிடித்தது. 1840இல் அரச படை முற்றுகையிட்டு மீட்டது.

அதற்கு முன்பே வேறொரு துயரமும் வந்தது. 1672இல் கொள்ளைநோய் பரவியது. காட்டு வழியிலுள்ள வல்லிவானா மாதாவின் திருச்சுருபத்தை மக்கள் ஊருக்கு எடுத்துவந்து மன்றாடினார்கள். நோய் தணிந்தது. ஆறு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாதாவுக்கு விழா எடுப்பதாக 1673இல் நேர்த்தி வைத்தார்கள். அதுவே 'செக்செனி' விழா.

விழாவுக்குப் பல மாதங்களுக்கு முன்பே தெருவார் கூடியிருந்து மெல்லிய வண்ணக் கடதாசியைக் கையால் சுருட்டி அலங்காரம் செய்கிறார்கள். தெருவுக்குத் தெரு வேறுவேறு வேலைப்பாடு. ஓகஸ்டில் விழா நடக்கும் நாட்களில் நெசவாளர், கமக்காரர் பெயரிலான நடனங்களும் சிறுமியரின் ஆடலும் உண்டு. பிறகு அலங்காரத்தைக் கழற்றிவிடுவார்கள்.

சில நாள் அழகுக்கு இத்தனை மாத உழைப்பா என்று முதலில் நினைத்தேன். இழப்புக்குப் பின் கை சும்மா இருந்தால் மனம் எவ்வளவு பாரமாகும் என்பது நமக்குத் தெரியும். பக்கத்தில் இன்னொருத்தி இருந்து வேலை செய்தால் அந்தப் பாரம் கொஞ்சம் இறங்கும். அதை நினைத்தபோது அவர்களின் உழைப்பு எனக்கு விளங்கியது.

நேர்த்தி வைத்தவர்களில் ஒருவரும் இன்று இல்லை. 350 ஆண்டுகள் கடந்தும் பேரப்பிள்ளைகளின் பிள்ளைகள் அதை நிறைவேற்றுகிறார்கள். கடைசியாக 2024இல் விழா நடந்தது. அடுத்தது 2030இல்.

மீண்டும் அடுத்த மாதம் சந்திப்போம்.