பாடியவள் பெயர் என்ன?

கொத்மலைத் தோட்டங்களில் கொழுந்தெடுப்போர் பாட்டைக் கேட்டு மகிழாதவர் யார்? ஆயினும் அதைக் கட்டியவள் யார் என்று நாம் கேட்பதில்லை. ‘நாட்டார் பாடல்’ என்று பொதுப்பெயர் ஒன்றை இட்டு அமைந்து விடுகிறோம். சி. வி. வேலுப்பிள்ளை மலைநாட்டுப் பாடல்களைத் தேடித் தொகுத்து நூலாக்கினார். அதனாற் பாடல்கள் பல பிழைத்தன. அவற்றை முதன்முதற் பாடிய பெண்களின் பெயர்களோ மண்ணோடு போயின.

பெயர் போனாற் போகட்டும், பாட்டு நிற்கிறதே என்பர் சிலர். பெயரோடு கூலியும் போகும் என்பதை அவர்கள் எண்ணுவதில்லை. அமெரிக்கக் கறுப்பினப் பாடகியர் கதை இதற்கு நல்ல சான்று. அங்கும் பருத்திக்காட்டு உழைப்பிற் பிறந்த பாட்டே பின்னர் இசைத்தட்டில் ஏறியது. ‘இன இசைத்தட்டுகள்’ என்று ஒதுக்கப்பட்டிருந்த அவ்விசைக்கு 1949-இல் ‘பில்போர்ட்’ இதழ் ‘ரிதம் அண்ட் புளூஸ்’ எனப் புதுப்பெயர் சூட்டியது. பெயர் மாறிற்று, பங்கீடு மாறவில்லை. லாவேர்ன் பேக்கர் பாடிய ‘ட்வீடில் டீ’யை, 1955-இல் ஜார்ஜியா கிப்ஸ் என்னும் வெள்ளையினப் பாடகி, இசையமைப்புங்கூடப் பிசகாமற் பாடி, அவரினும் மிகுதியாக விற்றார். இதைத் தடுக்கச் சட்டம் வேண்டுமென்று பேக்கர் காங்கிரஸ் உறுப்பினர் ஒருவரிடம் முறையிட்டும் பயன் விளையவில்லை. பின்னர் விமானம் ஏறுகையில் தமது காப்புறுதிப் பணத்தைக் கிப்ஸுக்கே எழுதி வைத்தாராம். தாம் இறந்தால் பிழைப்பை இழப்பவர் அவர்தாமே! ரூத் பிரவுன் பாட்டாற் செழித்த அட்லாண்டிக் கம்பெனியை ‘ரூத் கட்டிய வீடு’ என்றே அழைத்தனர். கட்டியவரோ 1960-களிற் பிறர் வீடுகளில் வேலை செய்து பிழைத்தார். நெடுநாள் போராடி 1980-களின் இறுதியிலேதான் தம் பங்குத்தொகையைப் பெற்றார்.

நம் மலைநாட்டிற் பெயரோடு நிற்கும் பாடகி ஒருவர் உளர். அவர் கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மையார். தொழிலாளர் கூட்டங்களில் நடேசய்யர் பேசுவார், அம்மையார் பாடுவார். எல்லோரும் அறிந்த மெட்டுகளில் அமைந்தமையால், எழுத்தறியாதாரும் அப்பாட்டின் அரசியலை உடனே பற்றிக்கொண்டனர். 1940-இல் அவர் தம் பாடல்களை ‘இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை’ என்னும் சிறு நூலாகத் தம் பெயரிலேயே அச்சிட்டார். 1948, 1949-ஆம் ஆண்டுச் சட்டங்களால் வாக்காளர் இடாப்பிலேயே பெயரிழந்த சமூகத்துக்கு இது சிறு காரியமன்று.

வரும் விடுமுறையில் அப்பாயியிடமோ அம்மாயியிடமோ தாலாட்டும் ஒப்பாரியும் கேட்டு எழுதும் மாணவர், பாட்டின் தலைப்பிலேயே அவர் பெயரையும், தோட்டத்தையும், எவரிடம் கற்றார் என்பதையும் குறித்துக்கொள்க. கைப்பேசியிற் பதிவு செய்வோர், பாடத் தொடங்குமுன் அவர் பெயரை அவர் வாயாலேயே சொல்லச் செய்வது இன்னும் நன்று.