குறியைப் போடுவது யார்?

"பிள்ளை கணக்கில் தேறட்டும்" என்று சொல்லியே பலர் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வாங்குகிறோம். வாங்கியதும் வாய்ப்பாடு சொல்லித் தரும் சாப்ட்வேர் ஒன்றையும் பதிந்துவிடுகிறோம். குழந்தை மவுஸைக் கிளிக் செய்கிறது. சரியான விடைக்குக் கைதட்டல் கேட்கிறது. நமக்கும் திருப்தி.

இதில் தவறில்லை. ஜிகாம்ப்ரிஸ் போன்ற இலவச சாப்ட்வேர்கள் வாய்ப்பாட்டுப் பயிற்சிக்கு நல்லவை. ஆனால், பெருக்கல் குறியையும் வகுத்தல் குறியையும் அங்கே சாப்ட்வேரே போட்டுத் தருகிறது. பெருக்குவதா, வகுப்பதா என்று முடிவு செய்வதுதான் கணக்கின் கடினமான பாதி. அந்தப் பாதியைக் குழந்தை தொடுவதே இல்லை என்பதுதான் என் வருத்தம்.

எங்கள் காஞ்சிபுரத்துக் கணக்கு ஒன்றைப் பாருங்கள். ஒரு பாவில் 3 பட்டுப் புடவை நெய்யலாம் என்று வைத்துக்கொள்வோம். 6 பாவுக்கு எத்தனை புடவை? பெருக்கினால் 18. இது எளிது. இனி இந்த மூன்று கேள்விகள்:

1. 20 புடவைக்கு ஆர்டர் வந்திருக்கிறது. எத்தனை பாவு வேண்டும்?
2. 20 புடவைகளை 3 கடைகளுக்குச் சமமாகக் கொடுத்தால் கடைக்கு எத்தனை?
3. 20 மீட்டர் துணியை 3 சம துண்டுகளாக வெட்டினால் ஒரு துண்டின் நீளம் என்ன?

மூன்றிலும் 20ஐ 3ஆல் வகுக்க வேண்டும். விடைகளோ வேறு வேறு. முதல் கேள்விக்கு 7. மீதி இரண்டு புடவைக்கும் இன்னொரு பாவு வேண்டுமே! இரண்டாவதற்கு 6, மீதி இரண்டும் நம் கையிலேயே இருக்கும், புடவையைக் கிழித்தா கொடுக்க முடியும்? மூன்றாவதற்குச் சுமார் 6.67 மீட்டர்.

இதற்குத் தனி சாப்ட்வேர் தேவையில்லை. எக்ஸெல் அல்லது இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் போதும். காலி செல் ஒன்றில் சமக்குறி போட்டு, கணக்கைக் குழந்தையையே டைப் செய்யச் சொல்லுங்கள். பெருக்கலுக்கு நட்சத்திரக் குறி, வகுத்தலுக்குச் சாய்கோடு. எந்தக் குறி என்று நீங்கள் சொல்லிவிடாதீர்கள். என்டர் கீயைத் தட்டியதும் 6.666 என்று நீளமாக ஒரு விடை வரும். "மீதியை என்ன செய்யலாம்?" என்று அப்போது கேளுங்கள். அதற்குக் கம்ப்யூட்டரிடம் பதில் இல்லை. குழந்தைதான் யோசிக்க வேண்டும்.

அசர் ஆய்வில், மூன்று இலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுக்கச் சொல்கிறார்கள். 2022ஆம் ஆண்டு ஆய்வில், நாட்டின் கிராமப்புற ஐந்தாம் வகுப்புக் குழந்தைகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவரே அதைச் சரியாகச் செய்தனர். உடனே "இன்னும் பயிற்சி கொடுங்கள்" என்பார்கள். பயிற்சி வேண்டும்தான். ஆனால் எதற்காக வகுக்கிறோம் என்று புரியாத குழந்தை, மனப்பாடம் செய்த வழியை அடுத்த வருடமே மறந்துவிடும்.

எங்கள் ஊர்த் தறிகளில் ஜக்கார்டு அட்டைகள் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். பிரான்ஸில் 1804இல் உருவான அந்த முறைதான் பிற்காலத்தில் கம்ப்யூட்டரின் துளை அட்டைகளுக்கு வழிகாட்டியது. துளை போட்டபடி தறி நெய்யும். எங்கே துளை போடுவது என்று முடிவு செய்பவர் மனிதர். கணக்கிலும் அப்படித்தான். குறியைக் குழந்தை போடட்டும், விடையைக் கம்ப்யூட்டர் சரிபார்க்கட்டும்.