இயந்திரமும் ஒரு சாமியா?

2016 டிசம்பரில் முதலமைச்சர் ஜெயலலிதா அவர்களுக்கும், 2020-இல் பாடகர் எஸ்.பி. பாலசுப்பிரமணியம் அவர்களுக்கும் வைக்கப்பட்ட பிறகு, எக்மோ என்னும் இயந்திரத்தின் பெயர் நமது கிராமங்கள் வரை பரவிவிட்டது. இருவரும் பிழைக்கவில்லை என்பதைக் கொண்டு, “அது பணம் பறிக்கும் தந்திரம்” என்கிறார்கள் சிலர். தெரிந்தவர் ஒருவர் பிழைத்ததைக் கொண்டு, “அது உயிர் கொடுக்கும் சாமி” என்கிறார்கள் வேறு சிலர். இவ்விரண்டும் யோசனையற்ற பேச்சு என்பதே நமது அபிப்பிராயம்.

அந்த இயந்திரம் செய்வதென்ன? இரத்தத்தை உடலுக்கு வெளியே எடுத்து, கரியமிலவாயுவை நீக்கி, பிராணவாயுவை ஏற்றி, மறுபடியும் உள்ளே செலுத்துகிறது. எந்த வியாதியையும் அது சொஸ்தப்படுத்துவதில்லை. தவணை வாங்கிக் கொடுக்கிறது, அவ்வளவுதான். தவணை கிடைத்ததாலேயே கடன் தீர்ந்துவிடுமா? அதற்குள் நுரையீரலோ இருதயமோ தேறவாவது, மாற்று உறுப்பு கிடைக்கவாவது வழியிருக்க வேண்டும்.

1971-இல் அமெரிக்காவில் விபத்தில் அடிபட்ட 24 வயது வாலிபர் ஒருவர், மூன்று நாள் இதன் துணையோடிருந்து பிழைத்தார். வைத்தியர்கள் அதற்குக் கற்பூரம் கொளுத்தவில்லை, பரீட்சை வைத்தார்கள். 1979-இல் வெளியான முடிவு யாதெனில், 90 நோயாளிகளில் இயந்திரம் வைத்தவர்களிலும் சரி, வைக்காதவர்களிலும் சரி, பத்தில் ஒருவர்கூடத் தேறவில்லை என்பதே. இதை மறைக்காமல் அச்சிட்டார்கள். கருவியையும் முறையையும் திருத்தினார்கள். பிறகு இங்கிலாந்தில் 180 பேரைக் கொண்டு நடத்தி 2009-இல் வெளியிட்ட பரீட்சையில், நுரையீரல் கெட்டு எக்மோ உள்ள ஆஸ்பத்திரிக்கு அனுப்பப்பட்டவர்களில் நூற்றுக்கு 63 பேர் ஆறு மாதம் கழித்தும் பெரிய ஊனமின்றி உயிரோடிருந்தார்கள். அனுப்பப்படாதவர்களில் 47 பேர்தான். ஆனால் 2023-இல், மாரடைப்பால் இருதயம் தளர்ந்தவர்களிடம் ஜெர்மானிய வைத்தியர்கள் முன்னின்று நடத்திய பரீட்சையில், இயந்திரம் வைத்தாலும் வைக்காவிட்டாலும் ஒரு மாதத்திற்குள் ஏறக்குறையப் பாதிப் பேர் மாண்டார்கள். வைத்தவர்களுக்கு இரத்தப்போக்கு அதிகம். அதையும் அச்சிட்டார்கள். எந்தச் சாமியாவது தன் சக்தியை இப்படிப் பரீட்சைக்கு விட்டதுண்டா?

ஆகவே தோழர்களே, நிலத்தை விற்று, தாலியை அடகு வைத்து இதற்குப் பணம் கட்டுமுன், வைத்தியரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். இந்த அவகாசத்தில் எந்த உறுப்பு தேறுமென்று எதிர்பார்க்கிறீர்கள்? எத்தனை நாள் பார்ப்பீர்கள்? தேறாவிட்டால் எப்போது நிறுத்துவீர்கள்? இவ்விதம் கேட்பது வைத்தியரை அவமதிப்பதாகாது. கேள்வி கேட்டே வளர்ந்தது வைத்தியம்.

நிற்க, இந்த அவகாசத்தைப் பணக்காரர் மட்டும் வாங்கலாமென்பது அநியாயமாகும். தேறக்கூடிய ஏழைக்கு இல்லையென்று சொல்லி, தேறாத பணக்காரருக்கு நாட்கணக்காக ஓட்டுவது என்ன நியாயம்? இயந்திரம் யாருக்கு என்பதை மடியிலுள்ள பணம் தீர்மானிக்கக் கூடாது. பிழைக்க வழியுண்டா என்பதே தீர்மானிக்க வேண்டும். சர்க்காரிடம் நாம் கேட்க வேண்டியது இதுவேயாகும்.