வரவழைத்த கம்பனியும் வாராத வாழ்வும்

சிறு தீவுகள் செல்வம் பெறுவதற்கு நிதித் தொழில்நுட்பமே இராசபாட்டை என்றும், சட்டத்தைச் சற்றே இளக்கிவிட்டால் கம்பனிகள் தாமாகவே வந்து குவியும் என்றும் சொல்வோர் நம்மிடையே உளர். அன்னார் பஹாமாஸ் தீவுகளை ஒருமுறை நோக்குவாராக!

நான்கு இலட்சம் மக்களே வாழும் அந்நாடு, 2020ஆம் ஆண்டில் டிஜிட்டல் சொத்துகளுக்கெனத் தனிச் சட்டம் இயற்றியது. மறு ஆண்டே எஃப்.டி.எக்ஸ் என்னும் கிரிப்டோ நாணயச் சந்தைக் கம்பனி, ஹொங்கொங்கை விட்டுத் தலைமையகத்தை அங்கே மாற்றிக்கொண்டது. 2022 ஏப்ரலில் அதன் புதிய மாளிகைக்கு அத்திவாரமிடும் விழாவிலே பிரதமரே முன்னின்றார். அதே ஆண்டு நவம்பரிற் கம்பனி வங்குரோத்து! வாடிக்கையாளரின் பணத்தைத் தம் சொந்த வர்த்தக நிறுவனத்துக்குத் திருப்பிவிட்ட அதன் தலைவருக்கு, 2024 மார்ச்சில் நியூயோர்க் நீதிமன்றம் 25 ஆண்டுச் சிறை விதித்தது. நாணயச் சந்தை நடத்தியவரிடம் நாணயம் இருக்கவில்லை.

சட்டமின்மையாலா இது நேர்ந்தது? சட்டம் இருந்தது, கம்பனியும் முறைப்படி பதியப்பட்டிருந்தது. குட்டு வெளிப்பட்டதும் அந்நாட்டுப் பிணையங்கள் ஆணைக்குழு சொத்துகளை உடனே முடக்கிற்று என்பதையும் நியாயம் கருதிச் சொல்கிறோம். ஆயின், பல நாடுகளிற் கிளைக் கம்பனிகளாய் விரிந்து கிடந்த ஒரு கூட்டத்தின் கணக்கை ஒரு சிறு தீவின் அலுவலகம் முன்கூட்டியே எங்ஙனம் துருவிப் பார்க்கும்? வாசகம் எத்துணை நேர்த்தியாயினும், ஏட்டைத் திறந்து பார்க்க ஆளில்லையேல் அச்சட்டத்தால் யாருக்கு என்ன பயன்? நீதிமன்ற வாசலிலே நாள்தோறும் நாம் காண்பது இதுதானே.

அதே பஹாமாஸின் வெளித்தீவுகளில் வங்கிக் கிளைகள் மூடப்பட்டு வந்தன. அம்மக்களையும் கருத்திற்கொண்டு மத்திய வங்கி 2020 ஒக்டோபரில் 'மணல் டாலர்' என்னும் மின்னியல் நாணயத்தை வெளியிட்டது. உலகிலேயே நாடு தழுவிய முதல் முயற்சி. மீனவனும் சிறுகடைக்காரனும் கைத்தொலைபேசியிற் காசு மாற்றலாம். நல்ல நோக்கம், எனினும் ஆண்டுகள் சில கழிந்தும் புழக்கத்திலுள்ள பணத்தில் நூற்றுக்கு ஒன்றைக்கூட அது எட்டவில்லை. கடைகளும் வங்கிகளும் அதனைப் பெரிதாய் ஏற்கவில்லை. உள்ளூர்த் தேவைக்குப் பிறந்த தொழில் தவழ்ந்துகொண்டிருக்க, வெளியூர்க் கம்பனிக்கு அங்கே மாளிகைக் கால்கோள்!

இங்கே கொழும்புத் துறைமுக நகருக்கென 2021இல் 11ஆம் இலக்கச் சட்டம் நிறைவேறியது. அதன் மூலவரைவிற் பல வாசகங்கள் அரசியலமைப்புக்கு முரணானவை என உயர் நீதிமன்றம் சுட்டிய பின்னரே திருத்தங்கள் வந்தன. நாம் கேட்பது இதுதான்: அங்கே குடியேறும் நிதிக் கம்பனிகளின் ஏடுகளைப் பரிசோதிக்கக் கணக்காளர் எத்தனை பேர்? யாழ்ப்பாணத்துக் கடைக்காரர் ஒருவரின் பணம் மின்திரையிலே மறைந்துபோனால், அவர் எந்த அலுவலகத்தில், எந்த மொழியில் முறையிடுவது? இவற்றுக்கு எழுத்தில் விடை தந்துவிட்டுக் கம்பனிகளை அழைக்கட்டும்.