அடிபட்ட நாய்க்கு யார் செலவழிப்பது?

அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் இரவில் லாரிகள் பறக்கின்றன. அடிபட்ட நாயொன்று சாலையோரத்தில் முனகிக் கிடக்கிறது. மனமிளகிய யாரோ ஒருவர் கோணிப்பையில் அதைத் தூக்கிக்கொள்கிறார். அந்த நிமிஷமே அவர் கடனாளி!

வேப்பேரியில், 1903-ல் தோன்றிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரி இருக்கிறது, வாஸ்தவந்தான். ஆனால் ஆவடியிலிருந்தும் பூந்தமல்லியிலிருந்தும் ரத்தம் சொட்டும் நாயை எந்த ஆட்டோக்காரர் ஏற்றுவார்? தனியார் டாக்டரிடம் போனாலோ எக்ஸ்ரே, மயக்க மருந்து, எலும்புக்குத் தகடு, பிறகு வாரக்கணக்கில் கட்டு மாற்றுவது. மாதச் சம்பளக்காரர் தாங்குவாரா?

1959-ல் சென்னையில் தோன்றிய புளூ கிராஸ், 1964-லேயே தெருநாய்களுக்குக் கருத்தடை செய்யத் தொடங்கியது. 2023-ம் வருஷத்து விதிகளின்படி கருத்தடையும் வெறிநாய்க்கடித் தடுப்பூசியும் உள்ளாட்சிகளின் பொறுப்பு. நல்லது. ஊசி போட்ட அதே நாய் மறுநாள் லாரியில் அடிபட்டால்? தர்மப் பிரபுக்களைத் தேடி ஓட வேண்டியதுதான்.

"மனிதனுக்கே வைத்தியமில்லை, நாய்க்கா?" என்பார்கள். அப்படிக் கேட்பவர், மிச்சம் பிடித்ததை மனிதனுக்குக் கொடுத்து நாம் பார்த்ததில்லை.

ஆவடி மாநகராட்சியும், 2011-ல் சென்னையோடு சேர்ந்த அம்பத்தூரும், பூந்தமல்லி நகராட்சியும் கூடி ஒரு சிகிச்சை நிதி வைக்கட்டும். லாரி விடுகிற தொழிற்சாலைகளும் பங்கு தரட்டும். பணத்தை யார் கையிலும் கொடுக்க வேண்டாம் (நாயின் பெயரால் வசூலிக்கும் பெருச்சாளிகளும் உண்டு). டாக்டரின் பில்லை நேரே கட்டினால் போதும். கணக்கை மாதாமாதம் ஆபீஸ் வாசலில் ஒட்டலாம். எல்லாவற்றுக்கும் முன்னால், இரவில் கூப்பிட்டால் வர ஒரு வண்டி வேண்டும்.