குப்புசாமி என்றால் குப்பைதான்

பேரன் கல்யாணப் பத்திரிகையின் மாதிரி நேற்று வாட்ஸப்பில் வந்தது. என் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'கே.சாமி' என்று இருந்தது. மகனைக் கேட்டேன். "சம்பந்தி வீட்டுல சிரிப்பாங்கப்பா. நெட்டுல போட்டுப் பார்த்தா குப்பைன்னுதான் அர்த்தம் வருது" என்றான்.

குப்பைதான். யார் இல்லையென்றது?

எனக்கு முன்னால் அம்மா மூன்று பெற்றாள். ஒன்றும் தங்கவில்லை. 1951ல் நாமகிரிப்பேட்டைப் பக்கம் நான் பிறந்ததும், அப்பாவைப் பெற்ற ஆத்தா என்னை முறத்தில் கிடத்தி, மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் இருந்த குப்பைமேட்டில் உருட்டி எடுத்தாளாம். எமன் வந்து பார்த்தால், வேண்டாமென்று வீசிய பிள்ளை என்று நினைத்துப் போய்விட வேண்டும். பெயரும் அதற்காகத்தான். மூக்குக் குத்தி மூக்கன், மூக்காயி என்று வைத்ததும், பக்கத்து வீட்டுக்கு விற்றுத் தவிடு கொடுத்துத் திரும்ப வாங்கியதும் இதே பயத்தால்தான். தெலுங்கில் பெண்டய்யா என்பார்கள். பெண்ட என்றால் சாணமும் குப்பையும்.

பட்டிக்காட்டு மூடநம்பிக்கை என்கிறீர்களா? தபால் இலாகாவில் இருந்தவன் என்பதால் எனக்குத் தபால்தலை சேர்க்கும் பைத்தியம் உண்டு. யூகோஸ்லாவியத் தலை ஒன்றில் பெரிய மீசைக்காரர் ஒருவர் இருப்பார். வூக் கராஜிச். 1787ல் பிறந்தவர், செர்பிய எழுத்தைச் சீர்திருத்தி, 1818ல் அகராதி போட்டவர். வூக் என்றால் ஓநாய். அவருக்கு முன் பிறந்த பிள்ளைகள் தங்காததால், சூனியக்காரிகள் ஓநாயை அண்ட மாட்டார்கள் என்று நம்பி வைத்த பெயர். அங்கே ஓநாய், இங்கே குப்பை. அந்த ஊரில் அவரை யாரும் 'வி' என்று சுருக்கவில்லை.

பண்ணையாளுக்கு நல்ல பெயர் வைக்க விடாத காலம் ஒன்று இருந்தது. 'குப்பன் சுப்பன்' என்று இளக்காரமாகச் சொல்வது அதன் மிச்சம்தான். அப்படித் திணித்த பெயரைத் தூக்கி எறிகிறவரோடு எனக்கு வழக்கில்லை. ஆனால் குப்புசாமி என்றாலே தாழ்ந்த பெயர் என்பவர்கள் மயிலாப்பூர் போய்ப் பார்க்கட்டும். சமஸ்கிருத ஆராய்ச்சி நிறுவனம் ஒன்று குப்புசாமி சாஸ்திரி பெயரில் இருக்கிறது. பிள்ளை சாகும் பயம் எல்லாச் சாதிக்கும் இருந்தது.

பெயர்தான் என்னைக் காப்பாற்றியது என்று சொல்லும் அளவுக்கு நான் கிறுக்கனில்லை. என் கையில் அம்மை குத்திய தழும்பு இருக்கிறது. ஆனால் ஆத்தாவின் கையில் அன்று இருந்தது ஒரு முறமும் ஒரு பெயரும்தான். என் மகனோ, பேரனின் ஆங்கிலப் பெயரில் ஒரு எழுத்தைக் கூட்ட எண்கணிதக்காரருக்கு இரண்டாயிரம் ரூபாய் கொடுத்தவன். ஆத்தா காசு வாங்கவில்லை.

பத்திரிகையைத் திருத்தித் திருப்பி அனுப்பிவிட்டேன். முழுப் பெயர் போட்டால் இடம் பற்றாது என்கிறார் அச்சகக்காரர். என் பட்டத்தை எடுத்துவிடச் சொல்லியிருக்கிறேன்.